சாந்தாமணி அரைத்த மிளகாய்

சாந்தாமணியின் ஒரு கை குழவியைச் சுற்றியது. மறு கை ஓரத்தில் ஒதுங்கிய மிளகாயைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில், நியாயம் கேட்டு வருகிறவர்களுக்கென்று போட்டிருக்கும் ஆட்டுக்கல் அது. தமக்குக் கெடுதல் செய்தவனின் பெயரைச் சொல்லி வரமிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டுப் போவார்கள். தொண்ணூறு நாளுக்குள் அந்த எரிச்சல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. சேர்ந்த பிறகு திரும்ப வந்து எண்ணெய்க் காப்புச் சாத்தி அம்மனைக் குளிர வைக்க வேண்டும்.

மற்றவர்கள் நாலு சுற்றுச் சுற்றி, விதையும் தோலுமாக வழித்துக்கொண்டு போனார்கள். சாந்தாமணிக்கு அப்படி அரைக்கத் தெரியாது. பதினோரு வருஷமாக ரோட்டோரத்தில் சமைத்துப் போடுகிறவள். வழித்து, கூட்டி, தண்ணீர் தெளித்து, மறுபடியும் அரைத்தாள். வரிசையில் நின்ற அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க அம்மணி, கொழம்புக்கா அரைக்கறீங்க?"

சாந்தாமணி திரும்பாமலே பதில் சொன்னாள். "அரையுங்கொறையுமா அரைச்சா எரியறதும் அரையுங்கொறையுமாத்தானுங்க எரியும்."

வெண்ணெய் மாதிரி வந்ததும் வழித்து எடுத்துக்கொண்டு போய் நீதிக்கல்லில் பூசினாள். பெயர் பாலுசாமி என்று சொன்னாள். அந்தப் பெயரில் ஊர்ப்பட்ட ஆட்கள் இருப்பார்கள் என்பதால், உக்கடத்து வேன் டிரைவர் என்றும் சொன்னாள். அதுவும் போதாதென்று தோன்றியது. வேனின் நம்பரையும் சொன்னாள். அவனுக்குக் கை கால் போக வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. "என்ற கடையில செத்த கோழின்னு சொன்ன அதே வாய், நாலு பேருக்கு முன்னால இல்லைன்னு சொல்லோணும்" என்பதுதான் அவள் வேண்டுதல்.

பஸ்ஸில் வரும்போது கை இரண்டும் முழங்கை வரைக்கும் எரிந்தது. மிளகாய் எரிச்சலுக்குத் தண்ணீர் உதவாது, எண்ணெய்தான் தேய்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் இறங்கி ஒரு பாட்டில் நல்லெண்ணெய் வாங்கினாள். ஆனால் கையில் ஒரு சொட்டுக்கூடத் தடவவில்லை. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, எரிகிற கையை ஜன்னல் காற்றில் நீட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். எரிகிற வரைக்கும் மறக்காது என்பது அவள் கணக்கு.

கடையில் அவள் நங்கை சின்னாத்தாள் காத்திருந்தாள். கணவனுடைய அக்கா, அறுபது வயது, வாய் மட்டும் இருபது. எண்ணெய் பாட்டிலைப் பார்த்துவிட்டு, காரியம் ஆவதற்கு முன்னாலேயே எண்ணெயா என்று கேட்டாள். "ஆகும்" என்று மட்டும் சொல்லி, சாந்தாமணி பாட்டிலை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், பரணில் ஏற்றி வைத்தாள். 1995-ஆம் வருஷம், வைகாசி அமாவாசை அன்று அது.

கிணத்துக்கடவு தாண்டி நாலு கிலோமீட்டரில், பொள்ளாச்சி ரோட்டின் இடது பக்கம், தென்னந்தோப்பு ஓரத்தில் இருந்தது சாந்தாமணியின் கடை. போர்டு கிடையாது. முன்னால் கீற்றுக் கொட்டகை, நாலு பெஞ்சு, பின்னால் ஓடு போட்ட சமையலறை, அதற்கும் பின்னால் எருக்குழியும் கோழிகளும். கோயமுத்தூரிலிருந்து வேன் பிடித்து வருகிற குடும்பங்கள் காலையில் ஈச்சனாரிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு இங்கே சந்தகை சாப்பிடுவார்கள். பச்சரிசி மாவை வேகவைத்துச் சூடாக இருக்கும்போதே பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுப்பாள். அப்புறம் ஆனைமலை, ஆழியாறு அணை, குரங்கு அருவி என்று சுற்றிவிட்டு, திரும்புகையில் மறுபடியும் நிறுத்தினால் நாட்டுக்கோழி வறுவலும் அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோறும் கொள்ளு ரசமும் கிடைக்கும். கோயிலுக்குப் போகும்போது கறி சாப்பிட மாட்டார்கள். திரும்பும்போது விட மாட்டார்கள். அந்தத் திரும்பும் பசியில்தான் சாந்தாமணியின் பிழைப்பு.

அவள் கணவன் தம்பிதுரை தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு ஒடிந்து மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவனைப் புரட்டிப் போட்டாள். மூத்திரப் பையை மாற்றினாள், முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டாள். படுக்கைப் புண் ஒன்றுகூட வரவில்லை. பார்க்க வந்த டாக்டர் நம்பாமல், அவனைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவன் செத்த பிறகு துடியலூரிலிருந்து அண்ணன் வந்து, இனிமேல் எங்களோடு வந்து இரு என்று கூப்பிட்டார். அண்ணிக்காரி வாசலிலேயே நின்றுகொண்டு, வீடு கொஞ்சம் சின்னதுதான் என்றாள். சாந்தாமணி அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, மறு வாரம் ரோட்டோரத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தாள்.

முதல் மூன்று மாதம் லாரிக்காரர்கள்தான் வந்தார்கள். முதன்முதலில் ஒரு வேனை ஓரங்கட்டியவன் பாலுசாமி. அதை அவள் என்றைக்கும் மறுத்ததில்லை. அவன் நிறுத்தினான் என்று இன்னொருவன் நிறுத்தினான். அவனைப் பார்த்து மற்றவர்கள். நாலைந்து வருஷத்தில், விடுமுறைக் காலத்தில் ஒரு நாளைக்கு ஆறு வேன் நின்றது.

அந்த ரோட்டில் ஒரு பழக்கம் உண்டு. வேனைக் கொண்டுவந்து நிறுத்துகிற டிரைவருக்குக் கொட்டகையில் இலை போட மாட்டார்கள். சமையலறைக்குள் கூப்பிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு, பயணிகளுக்கு முன்னாலேயே முதல் கரண்டியை அவருக்கு வைப்பார்கள். கல்லீரலும் ஈரலோடு ஒட்டிய துண்டும் டிரைவர் பங்கு. பதினோரு வருஷம் பாலுசாமி அந்தப் பலகையில் உட்கார்ந்தான். அவள் அவனைப் பாலு தம்பி என்பாள். அவன் அக்கா என்பான்.

அந்த வருஷம் சித்திரையில் இரண்டு காரியங்கள் நடந்தன.

முதலாவது, கோழிக் கழிச்சல். வெயில் ஏறினால் அந்தப் பக்கத்தில் நாட்டுக்கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வரும். வந்தால் ஒரே ராத்திரியில் கூடே காலியாகும். சாந்தாமணியின் கோழிகளில் பதினேழு செத்தன. விடிந்து பார்த்தபோது பாலுசாமி வெறும் வேனோடு டீ குடிக்க வந்திருந்தான். அவள் அவனைத்தான் கூப்பிட்டாள். அவன் மண்வெட்டி பிடித்துத் தோப்பு ஓரத்தில் இடுப்பளவு குழி வெட்டினான். அவள் கோழிகளைப் போட்டு, மேலே சுண்ணாம்பு கொட்டி மூடினாள். கோழி இருந்த இடத்தை எல்லாம் பினாயில் போட்டுக் கழுவி, பத்து நாள் கடையில் கோழியே சமைக்காமல், சிங்காநல்லூர்ப் பக்கமிருந்து ஊசி போட்ட புதுக்கோழிகளை வாங்கி வளர்த்தாள்.

இரண்டாவது, ஊர் மாரியம்மன் நோன்பு. பூச்சாட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரைக்கும் பதினைந்து நாள் அந்த ஊரில் ஒருத்தர் வீட்டிலும் கறி சமைக்க மாட்டார்கள். கடைக்கும் அதே கட்டுத்தான். சாந்தாமணி ஒரு வாரத்துக்கு முன்னாலேயே எல்லா டிரைவர்களிடமும் சொல்லி வைத்தாள். பாலுசாமியிடமும் சொன்னாள். அவன் அப்போது வாய் நிறைய ஈரலை மென்றுகொண்டு தலையாட்டினான். மென்றதில் கவனம் இருந்ததே தவிர, கேட்டதில் இல்லை.

பூச்சாட்டு நடந்த நாலாம் நாள், பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வந்து நின்றான். ஆழியாற்றிலிருந்து வழி நெடுக சாந்தாமணி கடைக் கோழி வறுவலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்திருக்கிறான். இறங்கினால் பருப்பும் ரசமும்தான். பயணிகளில் ஒருத்தர், டிரைவருக்கு ஊர் நிலவரமே தெரியாது போல என்றார். இன்னொருத்தர், இவரை நம்பி வந்தும் வண்டி அணைக்குள் இறங்காமல் தப்பித்தோமே என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பாலுசாமிக்கு முகம் கறுத்துவிட்டது. அம்மன் காரியம், அவளைத் திட்ட முடியாது. தான் கேட்காமல் விட்டதை ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. வேனில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, நல்லதாகப் போயிற்று, இந்தக் கடையில் கழிச்சலில் செத்த கோழியைத்தான் வறுத்துப் போடுகிறாள், என் கண்ணாலேயே பார்த்தேன் என்று சொல்லிவிட்டான்.

சொன்னது அன்றைக்கு முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். ஆனால் அது நன்றாக வேலை செய்ததைப் பார்த்ததும் நிறுத்த மனம் வரவில்லை. ஒத்தக்கால்மண்டபத்துக்குப் பக்கத்தில் அவன் மச்சான் புதிதாக ஓட்டல் திறந்திருந்தான். அங்கே கூட்டம் சேர்க்க இதைவிட வசதியான பேச்சு கிடையாது. ஒவ்வொரு நடையிலும் சொன்னான். மற்ற டிரைவர்களிடமும் சொன்னான். அந்தக் கோடையில் ஊரெல்லாம் கோழி செத்துக்கொண்டிருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

விடுமுறை முடிவதற்குள் ஒரு வேன்கூட நிற்கவில்லை. கடைக்கு முன்னால் வரும்போது வேன்கள் வேகத்தைக் கூட்டுவதைச் சாந்தாமணி கொட்டகைக்குள் நின்றபடி பார்த்தாள். சில வண்டிகளில் குழந்தைகள் ஜன்னல் வழியாக விரலை நீட்டிக் காட்டின. லாரிக்காரர்கள் மட்டும் வந்தார்கள். அவர்களும் கோழி வேண்டாம், முட்டை போதும் என்றார்கள். ஏன் என்று கேட்டபோதுதான் பாலுசாமி சொல்லித் திரிகிற பேச்சு அவள் காதுக்கு வந்தது. துடியலூர் அண்ணனுக்கும் விஷயம் போய்விட்டது. ஆவணிக்குள் கடையை மூடிவிட்டு வந்து சேர் என்று ஆள் அனுப்பினார். அண்ணி கையால் சோறு வாங்கித் தின்று மிச்ச நாளைக் கழிப்பதா, இதே இடத்தில் அடுப்பெரிப்பதா என்ற இடத்துக்கு வந்து நின்றது விஷயம். ரோட்டில் போகிற அத்தனை வேனையும் மறித்துத் தன் கோழி நல்ல கோழி என்று அவளால் சொல்ல முடியாது. சொன்னவன்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ஆனைமலைக்குப் போய் அரைத்தாள்.

அரைத்த பிறகு நாள் எண்ண ஆரம்பித்தாள். சமையலறைச் சுவரில் தினமும் கரியால் ஒரு கோடு. பாலுசாமியின் மெட்டடார் வேன் வாரத்துக்கு மூன்று தடவை கடையைத் தாண்டிப் போனது. ஆள் நன்றாகத்தான் இருந்தான். கன்னத்தில் சதைகூடப் போட்டிருந்தது. முப்பதாம் கோட்டில் சின்னாத்தாள், மிளகாயில் காரம் பத்தவில்லை போல, அடுத்த தடவை குண்டூர் மிளகாய் வாங்கு என்றாள். சாந்தாமணி மறுநாள் முப்பத்தொன்றாம் கோட்டைப் போட்டாள்.

அறுபத்திரண்டாம் கோடு போட்ட நாள் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பகல் இரண்டு மணி. காற்று தென்னை மட்டைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த மெட்டடார் ஒன்று இருமிக்கொண்டே வந்து, புகையைக் கக்கி, சரியாகப் புளியமரத்தடியில், கடைக்கு நேர் எதிரில் நின்றது. பாலுசாமி இறங்கி பானெட்டைத் தூக்கினான். பெல்ட் அறுந்து, ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் கடைப் பக்கம் திரும்பவே இல்லை.

கிணத்துக்கடவு மெக்கானிக் உமர் பாரூக் சைக்கிளில் வந்து பார்த்தார். பெல்ட் பொள்ளாச்சியிலிருந்து வர வேண்டும், இரண்டரை மணி நேரமாவது ஆகும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். வேனில் பதினாலு பேர். பீளமேட்டுக் குடும்பம். பெரியவர் அரங்கசாமி, மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையிலேயே மாசாணியம்மனைக் கும்பிட்டு, ஆழியாறு பார்த்துவிட்டு, பசியோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் ரோட்டைத் தாண்டிக் கடைக்கு வந்தார். வந்தவர் கொஞ்சம் தயங்கினார். நல்ல மனிதர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"சோறு இருக்குதுங்களாம்மா? கோழி மட்டும் வேண்டாமுங்க. இங்க கோழி சரிப்படாதுன்னு டிரைவர் சொல்றாருங்க."

இரண்டரை மாதமாக அடுத்தவர் வாய் வழியாகவே கேட்ட பேச்சு. இப்போது சொன்னவன் முப்பது அடி தூரத்தில் நிற்கிறான். சாந்தாமணிக்குக் காது மடல் சுட்டது. பதில் சொல்ல வாயெடுத்தபோது அவள் கண் வேறு பக்கம் போயிற்று. வேன் படியில் உட்கார்ந்திருந்த அரங்கசாமியின் மனைவி ரங்கநாயகிக்கு, அந்தக் காற்றிலும் நெற்றியெல்லாம் வியர்வை. விரல்கள் நடுங்கின. பேத்தி ஏதோ கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள்.

சர்க்கரையா என்று சாந்தாமணி கேட்டாள். ஆமாம், காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு வாழைப்பழம் சாப்பிட்டதோடு சரி என்றார் அரங்கசாமி. சாந்தாமணி உள்ளே போய் அரை டம்ளர் தண்ணீரில் மூன்று கரண்டிச் சர்க்கரையைக் கலக்கிக் கொண்டுவந்தாள். அம்மாளை நிமிர்த்தி உட்கார வைத்து, மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தாள். ஒருத்தரும் சுற்றி நிற்க வேண்டாம் என்று விரட்டினாள். கால் மணி நேரத்தில் ரங்கநாயகிக்கு வியர்வை நின்று, இது எந்த ஊர் என்று கேட்டாள். உடனே ஒரு கிண்ணம் பருப்புச் சோறும் தயிரும் அவளுக்குப் போயிற்று. குழந்தைகளுக்கும் அதே. அடுப்பில் இருந்த சோறு அவ்வளவுதான்.

இந்த வேலையெல்லாம் முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, சாந்தாமணி ரோட்டோரம் போய் நின்றாள்.

"ஏனுங்க டிரைவருங்க, கொஞ்சம் இக்கட்ட வாங்க" என்றாள்.

பதினோரு வருஷம் பாலு தம்பி என்று கூப்பிட்ட வாய். இந்த 'டிரைவருங்க' அவன் காதில் எப்படி விழுந்தது என்பது அவன் நடந்து வந்த விதத்தில் தெரிந்தது. எல்லாரும் பார்க்கிறார்கள், வராமலும் இருக்க முடியாது.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. பெரியவங்களுக்குச் சோறு ஆக்கணும், கோழி பிடிக்கணும், என் கோழி செத்த கோழி என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது, அதனால் என் கை படவே வேண்டாம், எது வேண்டுமோ நீங்களே பிடித்துக் கொடுங்கள், நான் சமைத்துப் போடுகிறேன் என்று மரியாதையாகச் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' இருந்தது.

பாலுசாமி பெல்ட், ரேடியேட்டர் என்று ஏதோ சொல்லிப் பார்த்தான். மெக்கானிக் வருகிற வரைக்கும் உனக்கு இங்கே என்ன வேலை, பிடித்துத்தான் கொடேன் என்றார் அரங்கசாமி. கோழியை உயிரோடு கண்ணால் பார்த்துவிட்டால் சாப்பிடுவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. பசி அவருக்கும் இருந்தது.

கோழி வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். நாட்டுக்கோழியை விடியற்காலையில் கூடு திறக்கும்போதுதான் பிடிக்க வேண்டும். வெளியே விட்டுவிட்டால் அன்றைக்கு அது காட்டுப்பறவை. பட்டப்பகலில், ஆடிக் காற்றில், தோப்புக்குள் அதை ஒற்றை ஆளாகப் பிடிப்பவன் பிறக்கவில்லை. பாலுசாமிக்கும் அது தெரியும். சாந்தாமணிக்கு அது தெரியும் என்பதும் தெரியும்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். செங்கருப்பு விடைச்சேவல் ஒன்றைக் குறி வைத்துக் குனிந்து போனான். அது அவனைக் கிட்டத்தில் விட்டு, கடைசி அடியில் சிறகடித்து மட்டைக் குவியலுக்கு அந்தப் பக்கம் போய் இறங்கியது. திரும்ப ஓடினான். பதினாலு பேரும் கொட்டகைக்குப் பின்னால் வந்து வரிசையாக நின்றுவிட்டார்கள். குழந்தைகள் சோற்றுக் கிண்ணத்தோடு. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சின்னாத்தாளுக்கு இரண்டரை மாதமாக அடைத்து வைத்திருந்த கேலி அன்றைக்குத்தான் திறந்துகொண்டது.

"ஒடிச்சுத் திருப்புங்க டிரைவருங்க. ஆரன் அடிச்சாப் பாத்து ஒதுங்குமுங்க. அடடா, ரிவர்ஸ்ல போகுது பாருங்க."

அரங்கசாமியின் பேரன் வம்சி சிரித்துச் சிரித்து, சோறு மூக்கில் ஏறி இருமினான். ரங்கநாயகி அவன் முதுகைத் தட்டிக்கொண்டே தானும் சிரித்தாள். பாலுசாமியின் காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. விடை எருக்குழி விளிம்பில் நின்று அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் பாய்ந்தான். கோழி போய்விட்டது. அவன் முழங்கால் வரைக்கும் எருவுக்குள் இறங்கி, கையை ஊன்றி, கையும் இறங்கியது. அந்தச் சிரிப்பு ரோட்டில் போன பஸ்ஸுக்கே கேட்டிருக்கும். அதே நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து வந்த இன்னொரு டூரிஸ்ட் வேன் மெதுவாகி, அதன் டிரைவர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

சாந்தாமணி சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பானையில் உலை கொதிக்கிறதா என்று பார்க்கிற பார்வை.

முக்கால் மணி நேரம் கழித்து, சிக்கியது விடை இல்லை, ஒரு பெட்டைக்கோழி. வைக்கோல் போருக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவன் அதை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். அது அவன் முழங்கையைக் கொத்தியபடியே வந்தது. சாந்தாமணி அதை வாங்கவில்லை.

"உசுரோட இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இருக்குதுங்க."

"நல்லாப் பாருங்க. கண்ணு மூடியிருக்கப் போகுது."

"இருக்குதுங்கக்கா."

"சித்திரையில என்ற கோழி பதினேழு செத்துதுங்களே, அதையெல்லாம் என்ன பண்ணினேன்? உங்களுக்குத் தெரியாததில்ல. இவங்களுக்குச் சொல்லுங்க."

பாலுசாமி கீழே பார்த்தான். கால் விரலில் எரு காய்ந்துகொண்டிருந்தது. காற்றில் தென்னை மட்டை ஒன்று விழுந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள், இதில் வேறு ஏதோ இருக்கிறது என்று புரிந்து சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

"பொதைச்சாங்க" என்றான்.

"குழி வெட்டினது ஆருங்க?"

"நாந்தானுங்க வெட்டினேன்."

"அதுல ஒண்ணாவது சட்டிக்குப் போச்சுங்களா?"

"இல்லீங்க. சுண்ணாம்பு போட்டு மூடினாங்க. பத்து நாள் கடையில கோழியே ஆக்கல." அதோடு விட்டால் போதும் என்று நினைத்தவன், அவள் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்ததால் மிச்சத்தையும் சொன்னான். "நான் சொன்னது பொய்யிங்க."

அரங்கசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். மில்லில் ஆளை நிற்க வைத்துப் பேசிப் பழகிய பார்வை. பிறகு தெலுங்கில் மனைவியிடம் ஏதோ சொன்னார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

அப்போதுதான் சாந்தாமணி கோழியைக் கையில் வாங்கினாள். அது ஒன்று போதாது. வீட்டுக்குள் அடைகாத்து எழுந்த பெட்டை ஒன்று இருந்தது, அதையும் சின்னாத்தாள் கொண்டுவந்தாள். ஒரு மணி நேரத்தில் இலை விழுந்தது. மிளகும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் போட்டு வறுத்த கோழி, புதிதாக ஆக்கிய அரிசியும் பருப்பும், அதன் மேல் நெய், கொள்ளு ரசம், மோர். ரங்கநாயகி இரண்டாவது தடவை வறுவல் கேட்டாள். இதற்காகவே இன்னொரு தடவை மாசாணியம்மனைக் கும்பிட வர வேண்டும் என்றார் அரங்கசாமி.

பாலுசாமி கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு, பழக்க தோஷத்தில் சமையலறை வாசலுக்குப் போனான். அடுப்புப் பக்கத்தில் பலகை இல்லை. சாந்தாமணி அதைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தாள். அவனுக்கு இலை கொட்டகையில், வரிசையின் கடைசியில், பயணிகளுக்கு அப்புறம் விழுந்தது. பருப்புச் சோறு வைத்தாள், ரசம் ஊற்றினாள், மோர் வைத்தாள். கோழிச் சட்டியோடு அவனைத் தாண்டிப் போனாள்.

"உங்களுக்கு வேண்டாமுங்க. சந்தேகத்தோட தின்னா செரிக்காது."

அவன் குனிந்தபடியே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான். "மொத மொதல்ல இங்க வண்டிய நிறுத்துனது நானுங்கக்கா. அத மறந்துட்டீங்களே."

சாந்தாமணி சட்டியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"மறக்கலீங்க. அதனாலதான் கோழிய பொதைக்கறப்ப உங்களக் கூப்பிட்டேன். வேற ஆரையும் கூப்பிடல."

அதற்கு மேல் அவன் சாப்பிடவில்லை. பெல்ட் வந்தது, உமர் பாரூக் மாட்டினார், வேன் போய்விட்டது. சாந்தாமணி கல்லீரலை ஒரு தட்டில் எடுத்து மெக்கானிக்குக் கொடுத்தாள். அவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டே, டிரைவர் கால் ஏன் அப்படி நாறியது என்று கேட்டார். சின்னாத்தாள் சொன்னாள். அவர் கிணத்துக்கடவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கதை அவருக்கு முன்னால் போய்விட்டது. வேன் ஸ்டாண்டிலும் பெட்ரோல் பங்கிலும் டீக்கடையிலும் அன்று சாயங்காலமே எருக்குழி இடுப்பளவு ஆகி, கோழி அவன் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. செத்த கோழி கதை பரவ ஒரு மாதம் ஆயிற்று. இது ஒரே சாயங்காலத்தில் ரோடு முழுக்கப் போயிற்று.

மறுநாள் காலை ஏழரைக்கே இரண்டு வேன்கள் வந்து நின்றன. இரண்டு டிரைவர்களும் சந்தகைக்கு முன்னால், அந்தக் குழி எங்கேயிருக்கிறது என்றுதான் கேட்டார்கள். சாந்தாமணி கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கை ஊன்றிய தடம் இன்னும் இருந்தது. எருவை யாரும் கிளறாமல் அவள்தான் பார்த்துக்கொண்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். இரண்டாவது டிரைவருக்குச் சொல்லும்போது கொஞ்சம் நீளமாகவும் சொன்னாள். அவர்கள் திரும்பும்போது இருபத்தெட்டுப் பேருக்குக் கோழி வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆனைமலைக்குக் கிளம்பினார்கள். அம்மனுக்குத் தன் சார்பிலும் ஒரு கும்பிடு போட்டுவிடும்படி சின்னாத்தாள் அவர்களிடம் சொல்லி அனுப்பினாள்.

வேன்கள் போனதும் சின்னாத்தாள் பரணைக் காட்டினாள். கேட்டது கேட்டபடி நடந்துவிட்டது, அவன் வாயாலேயே சொல்லிவிட்டான், அம்மன் எரிந்துகொண்டிருப்பாள், அடுத்த பஸ்ஸுக்குப் போய் எண்ணெய்க் காப்புச் சாத்திவிட்டு வந்துவிடு என்றாள்.

சாந்தாமணி கரித்துண்டை எடுத்துச் சுவரில் புதுக் கோடு ஒன்று போட்டாள். பின்னால் நகர்ந்து நின்று எண்ணிப் பார்த்தாள். பிறகு பரணிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலை இறக்கி, மூடியைத் திருகி, மோந்து பார்த்தாள். சிக்கு வாடை இல்லை.

"கெடு தொண்ணூறு நாளுங்க நங்கை. இன்னிக்கு அறுபத்தி மூணுதான் ஆவுது. மிச்சம் இருவத்தேழு நாளும் எரியட்டும். அப்பறம் வேற எண்ணெய் வாங்கிட்டுப் போலாம்."

இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி, பாட்டிலைக் கவிழ்த்து ஊற்றினாள். எண்ணெய் காய்ந்ததும், கிள்ளிய வரமிளகாய் ஒரு கைப்பிடி போட்டாள். நெடி ரோடு வரைக்கும் போயிற்று.